படுக்கவைத்த துப்பாக்கி

திரையில் துப்பாக்கி தெரிந்தது.

நீல நிறத்தில், குழலும் பிடியும் விசையுமாக, பளிச்சென்று. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

அவள் பைகள் ஓடும் பெல்ட்டை நிறுத்தினாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குத்தான் சந்தோஷம் வரவில்லை.

அது அப்பாவின் பை.

கல்லூரியில் அன்று பெற்றோர் நாள். உள்நாட்டுப் பாதுகாப்புப் பாடத் துறையில் பெற்றோர் நாள் என்றால் பாட்டும் கிடையாது, நடனமும் கிடையாது. பெற்றோர்தான் பயணிகள். விமான நிலையத்தில் நிற்பதுபோல் வரிசையில் நின்று பையை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் விட வேண்டும். யாரோ ஒருவர் பையில் இரும்பில் செய்த பொம்மைத் துப்பாக்கி இருக்கும். யார் என்பது பேராசிரியர் மாசிலாமணி சாருக்கும் அந்த ஒருவருக்கும் மட்டும்தான் தெரியும். பைக்குள் எங்கே, எப்படி வைப்பது என்பது கொண்டுவருகிறவர் இஷ்டம். இறுதியாண்டு மாணவர்கள் திரையைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

மதிப்பெண் உண்டு. இந்த வருடம் அதற்கு மேலேயும் ஒன்று உண்டு. டெல்லியில் விமான நிலையப் பாதுகாப்பு வேலைக்கு ஆள் எடுக்க ஒரு அம்மாள் வந்திருந்தார். திரைக்கு முன்னால் இருந்த அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வேலை அவளுக்கு வேண்டும்.

அப்பாவுக்கு வேண்டாம்.

“மூணு வருசம் படிச்சுப்போட்டு, ஊரான் பையை நோண்டற வேலையா?” என்று கேட்டவர் அவர். துறைமுகம், மெட்ரோ, பேரிடர் மீட்பு, இணையக் குற்றம் என்று இந்தப் படிப்புக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சாப்பிடும்போது சொன்னாள். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். அவளுக்கும் வாய் சும்மா இருக்காது. அப்பா டிவியை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை.

போன வாரம் அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். துப்பாக்கி படுத்திருந்தால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். நிமிர்த்திச் செருகிவிட்டால் திரையில் வெறும் கோடுதான். ஒத்திகையில் ஒருமுறைகூட அந்தக் கோடு அவள் கண்ணில் படவில்லை.

அப்போதும் அவர் டிவி சத்தத்தைக் கூட்டித்தான் வைத்தார்.

இப்போது திரையை மறுபடி பார்த்தாள்.

துப்பாக்கி தப்பித்தவறி அப்படிப் படுத்துவிடவில்லை. இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்திருந்தது. வழியில் சாய்ந்துவிடக் கூடாதாம். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் அதை மறைத்துவிடாமல் பையின் இன்னொரு கோடிக்கு ஒதுங்கியிருந்தன.

கரூரில் பார்சல் ஆபீசில் மூட்டை கட்டுகிறவர் அவர். கண்ணாடி வளையலைக் கட்டி லாரியில் ஏற்றினால் காஷ்மீர் வரைக்கும் ஒன்றுகூட உடையாது. அவருக்கா ஒளித்துவைக்கத் தெரியாது?

அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேட்டு, அவள் பயந்ததற்கு நேர் எதிராகச் செய்திருக்கிறார்.

அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா ஒன்றும் தெரியாதவர்போல் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடிப்பு அவருக்குச் சுத்தமாக வரவில்லை.

“குட்,” என்றார் அந்த அம்மாள். பேனாவைத் திறந்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நாளைக்கு டெல்லியில் வரும் பைகளை அப்பா கட்டித்தர மாட்டார்.

அவள் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.

“அப்பா, ஒழுங்கா ஒளிச்சு வைங்க.”

மாசிலாமணி சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பேனாவை மூடிவிட்டார்.

அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் அல்லவா. பிறகு மகளை ஏற இறங்கப் பார்த்தார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆளைப் பார்க்கிற பார்வை.

பையை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனார்.

சீக்கிரம் வரவில்லை. ஜிப் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. டிபன் பாக்ஸ் இடம் மாறும் சத்தம் கேட்டது.

தொழிலைக் காட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இந்தத் தடவை வெறும் கோடுதான் என்று பயம் வந்தது. கூடவே, எங்கிருந்தோ ஒரு குஷியும் வந்தது. அப்பா அவள் வேலையை மதித்துத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். இதுவரை நடக்காத காரியம் அது.

அவள் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அப்பா வெளியே வந்தார். பையைப் பெல்ட்டில் வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நேராக அந்த அம்மாளிடம் போய் நின்றார்.

“ஏனுங்க மேடம், டெல்லியில குளிரு எந்த மாசம் ஆரம்பிக்குமுங்க? புள்ளைக்கு ஸ்வெட்டர் எடுக்கோணும்.”

பை இன்னும் இயந்திரத்துக்குள் போகவே இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கண் கலங்கிவிடும். கலங்கினால் கோடு தெரியாது.

பெல்ட்டை ஓடவிட்டாள்.