நெற்றியில் எழுதிய நேரம்

அவனியாபுரம் வாடிவாசலுக்கு அருகே, தேங்காய்நார் பரப்பிய தரையில் அழகுராஜா கிடக்கிறான். மாட்டுக்கொம்பு கிழித்த தொடையிலிருந்து ரத்தம் பீறிடுகிறது. எல்லையோர ராணுவ மருத்துவமனையிலிருந்து லீவில் வந்திருக்கும் நர்ஸ் பாண்டீஸ்வரி, தன் துப்பட்டாவைக் காயத்துக்குச் சற்று மேலே தொடையில் இறுகச் சுற்றி, குச்சியைச் செருகி முறுக்குகிறாள். ஒலிபெருக்கி அடுத்த காளைக்கு அண்டா பரிசு அறிவிக்கிறது. அவள் தலைகூட நிமிரவில்லை. ரத்தம் நிற்கிறது. அவன் நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டு, பேனாவால் மணியை எழுதுகிறாள். "ஏத்தா, திருநீற எதுக்கு அழிக்கிற?" என்று பதறுகிறாள் அவன் தாய் சின்னத்தாய். "எங்க பட்டாளத்துல இப்படித்தான் எழுதுவோம், அத்த. கட்டு எப்பப் போட்டதுன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் காலக் காப்பாத்த முடியும்." ஆம்புலன்ஸ் கதவு திறக்கிறது. மடியில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்த சின்னத்தாய், மகனின் நெற்றியைப் பார்க்கிறாள். அங்கே இடமில்லை. பாண்டீஸ்வரியின் நெற்றியில் அழுத்திப் பூசுகிறாள்.