ஆறு தாளிலும் ஒரே பெயர்

அனுப்பி வைத்து மூன்று நாள்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் அவனையே திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

வயர்லெஸ் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த திலீப்புக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

செம்மரக் கடத்தலைத் தடுக்கச் சேஷாசலம் காட்டுக்குள் போட்ட காவல் முகாம் அது. ஆறு பேர், ஒரு தகரக் கொட்டகை, அறுபது நாள். எதிர் மலையில் திருமலையின் விளக்குகள் தெரியும். செல்போனில் ஒரு கோடுகூட ஏறாது.

ஹெட் கான்ஸ்டபிள் திலீப்தான் பொறுப்பு. ஏ.எஸ்.ஐ. ஆவதற்கு அவன் பெயர் மேலே போயிருந்த நேரம். முகாம் ஒழுங்காக நடந்தால் தோளில் நட்சத்திரம்.

நடந்துகொண்டும் இருந்தது. பவன்குமார் என்கிற ஒரே ஒரு தொல்லையைத் தவிர.

சத்தியவேடு பக்கத்து ஆள். விடிந்ததும் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று எல்லோர் காதிலும் போய்ச் சொல்லுவான். ஈரத் துண்டை அடுத்தவன் கட்டிலில் போடுவான். ஒரே பானைச் சோற்றை ஒன்றாக உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்த பிறகும், “துன்னாச்சாண்ணா?” என்று கேட்பான். மற்ற நான்கு பேரும் ரோந்துக்குப் போகும்போதும் வரும்போதும் அவனைத் திட்டியபடியேதான் நடப்பார்கள். திலீப்பும் கூடச் சேர்ந்து திட்டுவான்.

மனநல டாக்டர் சிவசங்கரி கீழேயிருந்து ஜீப்பில் வந்தார். தனியாக அடைபட்டுக் கிடக்கும் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ச்சியாம். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கடைசிக் கேள்வி, யார் போய்விட்டால் இந்த முகாம் இன்னும் நன்றாக இருக்கும் என்பது.

தாள்களை வாங்கி அடுக்கியது திலீப்தான். ஆறிலும் பவன்குமார். ஆறாவது தாள் பவன்குமாரே எழுதியது.

அவனே ஒப்புக்கொண்ட பிறகு என்ன யோசனை? டாக்டர் வந்த ஜீப்பிலேயே ஏற்றி, திலீப் அவனைக் கீழ் முகாமுக்கு அனுப்பினான்.

அன்று மத்தியானம்வரை சொர்க்கம். அதற்குப் பிறகு அந்த நால்வருக்கும் என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை.

சோற்றில் திலீப்புக்கென்று மிஞ்சியது அடிப்பிடித்த பங்குதான். நரசிம்மன் தன் கட்டிலை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டான். குறட்டையாம், பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில் யாரும் சொல்லாத குறட்டை! கொட்டகைக்குள் இவன் நுழைந்தால் பேச்சு நின்றது. கங்கையா ஒரு உத்தரவுக்கும் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை.

நேற்று மேட்டிலிருந்து மூன்று முறை விசில் ஊதினான். உடனே வா என்று அதற்கு அர்த்தம். ஒருவனும் வரவில்லை. கண்ணெதிரே ஏழு பேர் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையோடு இறங்கிப் போனார்கள்.

மேலதிகாரி வயர்லெஸ்ஸில் கிழித்து எடுத்துவிட்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் பொறுப்பு வேறு ஆளுக்கு.

திலீப்புக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அந்தப் பயல் என்னதான் உயிரை வாங்கினாலும் விசில் அடித்தால் ஓடி வருவான்.

கீழ் முகாமைக் கூப்பிட்டு பவன்குமாரை வயர்லெஸ்ஸுக்கு வரச் சொன்னான்.

“கெளம்பி வாடா பவனு. இங்க ஆளு பத்தல.”

பெட்டி கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு அவன் குரல், கொட்டகைக்கு வெளியிலும் கேட்கிற மாதிரி, தெளிவாக வந்தது.

“வரேண்ணா. பையைக் கட்டித்தான் வெச்சிருக்கேன். போன ரெண்டு கேம்புலயும் இப்படித்தான், தொரத்திட்டு மூணாம் நாளு கூப்ட்டாங்க. இப்போ அங்க யாரைத் திட்டிக்கினு இருக்காங்க?”

வாசலில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்த நால்வரும் கையை நிறுத்தினார்கள். நால்வரும் திரும்பி திலீப்பைப் பார்த்தார்கள்.

அவன் பொத்தானை அழுத்தினான்.

“சீக்கிரம் வாடா” என்றான்.