கார்டு பெட்டியில் ஓர் இடம்

"கார்டு பெட்டியில வைங்க தம்பி. எஞ்சின் பக்கம் வேண்டாம்."

தென்காசி ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் தங்கபுஷ்பம் கெஞ்சினாள். காலடியில் ஒரே ஒரு கூடை. குற்றாலத்து மங்குஸ்தான், இந்த வருஷத்தின் முதல் பறிப்பு. பாதி சிவந்த காயாகப் பொறுக்கி, பெரணி இலை பரப்பி, மேலே சாக்குப் போட்டுத் தைத்திருந்தாள்.

"இடம் இல்லக்கா. கடைசியில இருக்க கார்டு பெட்டியில இருபது கூடைதான் கொள்ளும். மத்தியானமே உங்க வீட்டுக்காரரு இருபதையும் அடைச்சுட்டாரு" என்றான் கிளார்க் பாண்டித்துரை.

"கரி எஞ்சின் அனல்ல, மெட்ராஸ் போறதுக்குள்ள அவிஞ்சு போகுமே."

"அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒண்ணை முன்னால மாத்திட்டாப் போச்சு."

செல்லப்பாவிடம் சொல்ல முடிந்தால், விடிகாலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏன் கூடை தைக்கிறாள்?

மகள் ரூபி தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு மெட்ராஸ் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "இந்த வீட்டுலேருந்து ஒரு துரும்பு அவளுக்குப் போகக்கூடாது" என்று சொன்ன செல்லப்பா, அதன்பின் மகள் பேரையே எடுக்கவில்லை. கோயிலில் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்போது ரூபிக்கு மூன்று மாசமாம். சோறு இறங்கவில்லையாம். மெட்ராஸ் போய் வந்த உறவுக்காரி போன வாரம் வீட்டு முற்றத்தில் சொன்னாள். செல்லப்பா காதில் விழாதவர் மாதிரி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

பாண்டித்துரை கூடையில் கட்டியிருந்த சீட்டில் பெறுபவர் பெயரை வாசித்தான். ஒரு நிமிஷம் அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு போர்ட்டரைக் கூப்பிட்டான்.

கூடையை எஞ்சினுக்கு அடுத்த பெட்டியருகே வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து செல்லப்பா வந்துவிட்டார். தங்கபுஷ்பம் தண்ணித் தொட்டித் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"ஏலே, இது யாரு கூடை?"

"யாரோ பார்ட்டி அண்ணாச்சி" என்றான் போர்ட்டர்.

"பழம் அனுப்புதானா, பழக்கூழு அனுப்புதானாலே? இங்கன வச்சிருக்க."

குனிந்து சீட்டைப் பார்த்தார். அவள் கையெழுத்து அவருக்குத் தெரியும். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"எடுலே இதை."

"எங்க அண்ணாச்சி?"

"எடுன்னு சொல்லுதேன்."

போர்ட்டர் கூடையைத் தூக்கினான். செல்லப்பா பின்னாலேயே போனார். கூட்டம் மறைத்துக்கொண்டது. அவள் தூணுக்குப் பின்னாலேயே நின்றாள்.

வண்டி ஊதிவிட்டுக் கிளம்பியது. புகை கலைந்தபோது பிளாட்பாரத்தின் கடைசியில் ஒற்றைக் கூடை கிடந்தது. செல்லப்பா திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

பெற்றவருக்கு இப்படியும் ஒரு நெஞ்சா? தங்கபுஷ்பம் அந்தக் கூடையை நோக்கி நடந்தாள். சாரல் விழ ஆரம்பித்திருந்தது. அங்கே ரூபி என்ன வாயில் வைத்தாளோ, வைக்கவில்லையோ.

பாண்டித்துரை எதிரே வந்தான்.

"இறக்கிப் போட்டுட்டாருல்ல தம்பி?"

"இல்லக்கா. உங்க கூடை கார்டு பெட்டியில போகுது. அதுக்கு இடம் விட, அவரு கூடையில ஒண்ணை இறக்கச் சொன்னாரு. இதுதான் அது."

அவளுக்கு விளங்கவில்லை. குனிந்து சீட்டைத் திருப்பினாள்.

பெறுபவர்: ரூபி, மெட்ராஸ்.

செல்லப்பாவின் சாய்ந்த கையெழுத்து. அனுப்புபவர் என்ற இடத்தில் அவர் தன் பெயரைப் போடவில்லை. தங்கபுஷ்பம் என்று எழுதியிருந்தார்.