நாய் பிராண்டிய சீட்

மாதம் தவறாமல் கழுவ வரும் அந்தக் காரில், இடப்பக்கத்து முன் சீட்டின் கதவோரம் நான்கு கீறல்கள் இருக்கும். "வீட்டு நாய் பிராண்டிருதுப்பா," என்பார் கார்க்காரர். அருளப்பன் நுரை போட்டுத் துடைத்து, சீட்டுத் தோலின் நிறத்திலேயே சாயம் பூசி, மேலே கிரீம் தேய்த்துக் கீறலே தெரியாமல் செய்துவிடுவான். ஆனால் ஐந்து மாதமாக வேக்குவம் போட்டும் அந்தக் காரில் ஒரு நாய் முடிகூடச் சிக்கியதில்லை.

இந்த முறை அவர் மனைவியும் வந்திருந்தாள். அவர் தள்ளிப்போய், முதுகைக் காட்டி நின்று போனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். அவள் சீட்டருகே வந்து கீறல்களைத் தடவினாள். இடக்கை நகங்கள் உடைந்திருந்தன.

"இந்தத் தோல் இன்னும் எத்தன நாளைக்குண்ணா தாங்கும்?"

அருளப்பன் சீட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "மேல பூசினா மறைஞ்சிரும்மா. ஆனா உள்ள நைஞ்சு போச்சு. இனிமே தாங்காது."

"அப்ப இந்தத் தடவ பூசாதீங்க."

அவள் சுற்றி வந்து, ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினாள். சாவியை எப்போதும் அவரிடம்தான் கொடுப்பான். திரும்பிப் பார்த்தான், இன்னும் அவர் முதுகுதான் தெரிந்தது. சாவியில் ஒட்டியிருந்த கிரீமைச் சட்டையில் நன்றாகத் துடைத்து, அவள் கையில் வைத்தான்.