ஓடாத கட்டர்

"இன்னா பூமாரி, நேத்துதானே தொடச்சி எண்ணெ போட்டு எட்துகினு வந்தே? மறுபடியும் இழுக்குது பாரு."

பதுருன்னிசா கட்டரைப் பாயின் மேல் வைத்தாள். மகள் ஷார்ஜாவிலிருந்து அனுப்பியது. கைப்பிடியின் முனையில் வட்ட பிளேடு. உருட்டினால் நாலு மடிப்புத் துணியும் ஒரே இழுப்பில் அறுபட வேண்டும். ஆனால் பிளேடு உருளாமல் துணியைச் சுருட்டிக்கொண்டு போனது.

"சாயங்காலம் கழட்டிப் பாக்கேன்க்கா," என்றாள் எதிர்வீட்டுப் பூமாரி. ராயபுரத்தில் அவள் புருஷன் ராசையா மளிகைக் கடை போட்ட நாளிலிருந்து இருவருக்கும் ஒரே மாடிப்படி.

"சீக்கிரம் பாரு. போர்வ முடிஞ்ச அன்னிக்கே வண்டியோட வர்றேன்னு பையன் சொல்லிகினு கீறான். மாதவரம் வூட்ல லிஃப்ட் கீது தெரியுமா? சமையல்கட்டே இந்த ஹாலாட்டம் கீது."

மாதவரம், மாதவரம் என்று அவள் தினமும் இதையேதான் பாடினாள். கேட்கக் கேட்கப் பூமாரிக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தை விட்டுப் போகிற வருத்தம் முகத்தில் கொஞ்சமாவது தெரிய வேண்டாமா?

பதுருன்னிசாவின் பேத்திக்கென்று ஆரம்பித்த ஒட்டுத்துணிப் போர்வை அது. இரண்டு வீட்டுப் பழைய துணிகளையும் கட்டம் கட்டமாக வெட்டிச் சேர்த்திருந்தார்கள். ஓரம் வைக்கிற துண்டுகள் மட்டும்தான் பாக்கி.

"இந்தப் பச்ச எதுன்னு ஞாபகம் கீதா?" என்றாள் பதுருன்னிசா.

"உங்க பொண்ணு பெருநாள் பாவாடை. அதுல சேமியாவக் கொட்டிட்டு, அடிக்குப் பயந்து எங்க கட்டிலுக்கு அடியில வந்து ஒளிஞ்சாளே."

"இந்தக் கோடு போட்டது ராசையா அண்ணன் லுங்கி. வெள்ளம் வந்தப்போ எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளு அத்தத்தான் கட்டிகினு கெடந்தாரு. அப்புறம் திருப்பியே தர்ல."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் பதுருன்னிசா அந்தக் கட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் காலமான பிறகுதான், அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று பையன் கூப்பிட ஆரம்பித்தான்.

"பையன்தான் பாவம்," என்றாள் மெதுவாக. "வூடு மாத்த ரெண்டு தபா லீவு போட்டுட்டு, ரெண்டு தபாவும் வேஸ்ட்டாப் போச்சு."

அன்று சாயங்காலம் பூமாரி தன் வீட்டில் கட்டரைக் கழற்றினாள். நட்டு, வாஷர், பிளேடு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். பிளேடுக்கு அடியில் திரண்டிருந்த பஞ்சைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். இதையெல்லாம் தினமும் ஒழுங்காகத்தான் செய்தாள். அதற்குப் பிறகு, பிளேடு அசையவே முடியாதபடி நட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிடுவாள். அதையும் தினமும் செய்தாள். கட்டர் ஓடினால் போர்வை முடிந்துவிடும். போர்வை முடிந்தால் பதுரு அக்கா போய்விடுவாள்.

அன்று அவளுக்குக் கை வரவில்லை. போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவளை எத்தனை நாள் பிடித்து வைப்பது? அந்தப் பையன்தான் என்ன பாவம் செய்தான்? நட்டை இறுக்கி, பிளேடு லேசாக உருளும் அளவுக்குத் திருப்பித் தளர்த்தினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலையில் கடைக்குப் போகிற வழியில் கட்டரைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வந்தாள்.

"இன்னைக்கு ஓடும்க்கா. நல்லா பாத்திருக்கேன்."

பதுருன்னிசா கட்டரை அவள் பக்கம் நகர்த்தினாள். பூமாரியே துணியை மடித்துக் கட்டரை உருட்டினாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் துணியைத் தூக்கினால் துண்டு பிரிந்து வரவில்லை. விரல் நீளத்துக்கு ஒருமுறை ஒரு இடத்தில் நூல் அறுபடாமல் தொங்கியது. மறுபடி உருட்டினாள். மறுபடியும் அதே இடைவெளியில் நூல் தொங்கியது.

பிளேடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு இடம் உடைந்திருந்தது.

"இது இரும்பு மேல ஏறுன மாதிரி இருக்கே. நேத்து நான் தொடைக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு?"

பதுருன்னிசா கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் தெனிக்கும் மாதவரம் மாதவரம்னு சொல்லி உனுக்கு ஞாபகப்படுத்திகினுதானே கீறேன்? அப்டியும் நேத்து நீ நட்ட முறுக்க மறந்துட்டே. காத்தால ஓட்டிப் பாக்கறேன், வெண்ணெயாட்டம் போவுது. எனுக்குப் பக்குனு ஆயிடுச்சு. அதான் நானே குண்டூசி மேல ஏத்திட்டேன்."