வலது ஓரத்து ராஜா

இரண்டு சீட்டைப் பார்த்துவிட்டு அவள் கவிழ்த்து வைத்தாள்.

வலது ஓரம் ராஜா. இடது ஓரம் நாலு.

நடுவில் கிடந்த இரண்டையும் பார்க்கக் கூடாது. பார்த்த இரண்டையும் இனித் திரும்பப் பார்க்கக் கூடாது. ஆளுக்கு நாலு சீட்டு, எல்லாம் தலைகுப்புற. சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றையோ, முந்தினவள் கழித்துப் போட்டதையோ எடுத்து, வேண்டுமானால் தன்னுடையதில் ஒன்றை மாற்றி, வேண்டாததை நடுவில் மலர்த்திப் போட வேண்டும். கடைசியில் கூட்டிப் பார்த்தால் யாரிடம் குறைவோ அவள் ஜெயித்தாள். ஆசு ஒன்று. ராஜா பதிமூன்று.

ஞாபகம் இருந்தால் போதும், வேறு திறமை வேண்டாம்.

அவளுக்கு அதில்தான் சந்தேகம்.

மேலப்பாளையத்தில் மெஹருன்னிசா வீட்டு ஹால். ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். காற்றில் ஒரு சீட்டு புரண்டு முகத்தைக் காட்டிவிட்டால் ஆட்டம் போச்சு. மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது.

கல்லூரி ஹாஸ்டலில் மெஹர், ஜெசிந்தா, அவள் என்று மூன்று பேரும் தொடங்கிய ஆட்டம். அப்போதெல்லாம் அவள் எப்போதாவதுதான் ஜெயிப்பாள்.

மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த பிறகு ஒரு ஞாயிறுகூடத் தோற்றதில்லை.

அது எப்படி என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

காய்ச்சலுக்குப் பிறகு ஒரே ஒரு நாள், தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போனாள். சர்க்கரை மாத்திரை எந்தத் தட்டில் என்று கை தேடியது. இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த கை. மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது? அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டாள். நாளைக்காவது வருகிறாளா, வேறு ஆள் பார்க்கவா என்று கடை அண்ணாச்சி காலையில் கேட்டிருந்தார். சாயங்காலம் சொல்கிறேன் என்றிருந்தாள்.

மெஹர் ஒரு சீட்டை மாற்றினாள். வெளியே வந்தது ஆசு. தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த முறை ஜெசிந்தாவுடையது. அந்த ஆசுச் சீட்டை லபக்கென்று எடுத்துத் தன் இடது ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் சுற்றி வந்தது. மெஹர் எழுந்துபோய் டீ கொண்டு வந்தாள்.

பிறகு ஜெசிந்தாவுக்கு ராணி வந்தது.

ராணி வந்தால் மட்டும் தன் சீட்டு ஒன்றைக் கொடுத்து அடுத்தவளுடையது ஒன்றை அதன் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பெரிய சீட்டைத் தள்ளிவிட அதைவிட நல்ல வழி கிடையாது.

ஜெசிந்தா தன் இடது ஓரத்துச் சீட்டை எடுத்து அவள் பக்கம் வைத்தாள். அவளுடைய வலது ஓரத்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எத எங்க வச்சேம்னே மறந்து போச்சுட்டி. எல்லாம் வயசாயிட்டு."

மறந்து போச்சாம். யாருடைய கல்யாணத்துக்கு யார் என்ன கலர் சேலையில் வந்தார்கள் என்று இன்றைக்கும் ஒப்பிக்கிறவள். தோற்றால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச மாட்டாள்.

அவள் டீயை வாயருகில் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

ஜெசிந்தா தந்தது ஆசு.

அது எனக்கு எப்படித் தெரிகிறது?

டம்ளரைக் கீழே வைத்தாள்.

ராணிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஏழு வந்தது, பத்து வந்தது. நடுவில் போட்டாள். ஒவ்வொரு சுற்றிலும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். என் வலது ஓரம் ஆசு. அவளுடைய இடது ஓரம் ராஜா.

ராணி வந்தது.

கையை நீட்டியதும் பயம் பிடித்துக்கொண்டது. இடது ஓரமா, அதற்கு அடுத்ததா? முதலில் பார்த்தது ராஜாதானா?

தப்பாக இருந்தால் அண்ணாச்சியிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட வேண்டியதுதான். அவளே அப்படித் தீர்மானித்துக்கொண்டாள்.

தன் வலது ஓரத்துச் சீட்டை ஜெசிந்தாவிடம் வைத்தாள். அவளுடைய இடது ஓரத்துச் சீட்டை எடுத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"போதும், திருப்புங்க புள்ள" என்றாள் மெஹர்.

அவள் தன் வலது ஓரத்தைத் திருப்பினாள்.

ராஜா.

எதிரே ஜெசிந்தா இடது ஓரத்தைத் திருப்பினாள். ஆசு.

மெஹர் கூட்டிப் பார்த்தாள். இருக்கிறதிலேயே அதிகம் ராஜா வைத்திருந்த அவளிடம்தான். படுதோல்வி.

ஜெசிந்தா ஆசுச் சீட்டைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"என்னட்டி ஆச்சு?" என்றாள் மெஹர்.

"திருப்பித் தந்துட்டாட்டி. வச்ச இடத்துலயே."

மெஹருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்றாள்.

தோற்கவே பிடிக்காத ஒருத்தி. அவளுக்குச் சளைக்காத இன்னொருத்தி. வாராவாரம் தனக்காகத் தோற்றுவிட்டு, தோற்றது போலவே முகத்தையும் வைத்துக்கொண்டு பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்கெல்லாம் நன்றி சொன்னால் இரண்டு பேரும் அடிக்க வருவார்கள்.

"நாளைக்குக் கடைக்குப் போறேம்ட்டி" என்றாள்.

ஜெசிந்தா சீட்டுக்கட்டை அவள் பக்கம் தள்ளினாள். தோற்றவள்தான் கலைத்துப் போட வேண்டும். எத்தனையோ நாளாயிற்று அவள் கலைத்து. நன்றாகக் கலைத்தாள். ஆளுக்கு நாலு போட்டாள்.

முதல் சுற்றிலேயே ஜெசிந்தாவுக்கு ராணி.

யோசிக்கவே இல்லை. கொஞ்சமும் ஈவிரக்கம் இல்லாமல், தான் பார்த்த இரண்டில் பெரிய சீட்டை எடுத்து அவள் தலையில் கட்டினாள்.