உப்புக் காற்று

"திருட்டுப் பயலே, இன்னிக்கு உன்னைக் கம்பி எண்ண வைக்கலைன்னா நான் முருகையன் இல்லடா!"

ஒரு கையில் காற்று இறங்கிய பைக். மறு கையில் பஞ்சர் கடை ஜான்சனின் சட்டைக் காலர். முருகையன் இருந்த தள்ளாட்டத்தில், வண்டியைத் தள்ளியது பெரும்பாலும் ஜான்சன்தான்.

செக்போஸ்ட்டில் ஏட்டு அர்ச்சுனன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னய்யா ஊர்வலம்?"

"ஐயா, நான் உப்பு லாரி டிரைவர். சனிக்கிழமை ஆனா போதும், ஒயின்ஷாப் வாசல்ல நிறுத்துற என் வண்டியில காத்தைப் புடுங்கிடறான். எதிர்லயே கடை வச்சிருக்கிறது இவன்தான். வேற யாருக்குய்யா லாபம்?"

"நான் இல்லைங்கய்யா," என்றான் ஜான்சன். "உப்புக் காத்துங்க. உப்பளத்தை ஒட்டின ரோடு. இரும்பு கேட்டையே அரிச்சிடுது, தம்மாத்தூண்டு வால்வு பின் எம்மாத்திரம்?"

"டேய், உப்புக் காத்து சனிக்கிழமை மட்டும்தான் அடிக்குமா? என் லாரி வாரம் பூரா உப்பு மேட்டுலதான் நிக்குது. அதுல ஒரு டயர் இறங்கலையே!"

ஏட்டு தாடையைச் சொறிந்தார்.

"நியாயமான கேள்விதான். நானும் இப்பதான் அங்க டீ குடிச்சிட்டு வந்தேன். சந்தேகப்படற மாதிரி யாரும் இல்லையே."

"நல்லாப் பாத்தீங்களாய்யா?" முருகையன் மேசை மேல் குனிந்தான்.

ஏட்டு மூக்கைச் சுளித்தார். டிராயரைத் திறந்து ஊதுகிற மிஷினை எடுத்தார்.

"புகார் அப்புறம். முதல்ல இதுல ஊது."

அப்போதுதான் முருகையனுக்கு உறைத்தது. போலீஸ் மறிக்கவில்லை, மடக்கவில்லை. அவனே தேடி வந்து வாயை நீட்டியிருக்கிறான். குடிச்சிட்டு ஓட்டினான் என்று கேஸ் விழுந்தால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் லாரி போகும்.

ஊதினான். மிஷின் கீச்சென்று கத்தியது.

"லைசென்சை எடு."

"ஐயா, அதுதான்யா எங்க வீட்டுச் சோறு..."

"வண்டியை ஓட்டிட்டு வந்தியா, தள்ளிட்டு வந்தியா?"

"தள்ளிட்டுத்தான்யா! டேய் ஜான்சா, சொல்லுடா!"

"தள்ளிட்டுத்தான் வந்தாருங்க. அதுவும் நான்தான் தள்ளினேன்," என்றான் ஜான்சன், கசங்கிய காலரோடு.

ஏட்டு மிஷினை உள்ளே வைத்தார்.

"தள்ளிட்டு வந்தவன் மேல என்ன கேஸ் போடுறது? வண்டி இங்கேயே கிடக்கட்டும். காலையில வாயைக் கொப்பளிச்சிட்டு வந்து எடுத்துக்க. இப்ப பஸ்ஸைப் பிடி."

முருகையன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

"காத்தைப் புடுங்கினவன் எவனோ, அவன் புள்ளகுட்டியோட நூறு வருசம் நல்லா இருக்கணும்யா!"

"இருப்பான், இருப்பான்," என்றபடி ஏட்டு, முகம் துடைக்கப் பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

கூடவே ஏழெட்டு வால்வு பின்கள் கலகலவென்று மேசையில் கொட்டின.

முருகையன் பின்களைப் பார்த்தான். ஏட்டைப் பார்த்தான். பிறகு ஜான்சனின் காலரை மெதுவாக நீவி விட்டான்.

"நீ சொன்னது சரிதான்டா. உப்புக் காத்துதான்."